முக்கால் ரூபாய் வலி

அம்மாவின் முப்பதாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. முதல் இலை யாருக்குப் போட்டிருக்க வேண்டுமோ அவர்கள் பந்தியில் இல்லை, டூட்டியில் இருந்தார்கள். அவர்களுக்காக இந்த மடல்.

முதலில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் எங்கள் தெரு தன்னார்வலர் அக்காவுக்கு. நீங்கள் வந்தது அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்க. காலை பதினோரு மணிக்கு அம்மா படுத்திருப்பதைப் பார்த்து, "பகல்ல எவ்வளவு நேரம் இப்படிப் படுத்திருக்காங்க?" என்று கேட்டீர்கள். பாதி நாளுக்கு மேல் என்றேன். அதை நீங்கள் நோட்டில் குறித்துக்கொண்டதால்தான் எல்லாம் மாறியது.

கருப்பைவாய்ப் புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவி நான்கு மாதம் ஆகியிருந்தது. கீமோவுக்குப் போன இடத்தில் வலியைச் சொன்னால், "இந்த நோய்க்கு வலி இருக்கத்தான் செய்யும்" என்றார்கள். நாங்களும் நம்பிவிட்டோம்.

மறுவாரம் வந்த பேலியேட்டிவ் (நோயின் வலியையும் வேதனையையும் தணிக்கும் சிகிச்சை) சிஸ்டர், உங்களை மறக்க முடியாது. அம்மாவின் கையைப் பிடித்ததும் வளையல் முழங்கை வரை ஏறியதைக் கவனித்தீர்கள். "ஒரு ரூபாய்க்கு எத்தனை காசு வலிக்குதும்மா?" என்று கேட்டீர்கள். அம்மா கொஞ்சம் யோசித்து, "முக்கா ரூவா இருக்கும் தாயீ" என்றாள். அந்த வீட்டிலேயே இருந்தும் அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

வலி நிவாரணப் பிரிவு டாக்டருக்கு, நன்றியோடு ஒரு மன்னிப்பும் சேர்த்து. பேலியேட்டிவ் என்றதுமே கைவிட்டுவிட்டார்கள் என்று உங்கள் அறையில் அழுது சத்தம் போட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. "கீமோவை நிறுத்தச் சொல்லல. ரெண்டும் சேர்ந்தே நடக்கும்" என்றீர்கள். அமெரிக்காவில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வைச் சொன்னீர்கள்: ஆரம்பத்திலேயே இந்தச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து இருந்தார்கள், இரண்டு மாதத்துக்கும் மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். யாருக்கு இது தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றதற்கு, "இவங்க ஒரு வருஷத்துக்குள்ள இறந்துட்டா எனக்கு ஆச்சரியமா இருக்குமான்னு என்னையே கேட்டுக்குவேன். இருக்காதுன்னு தோணினா, அன்னைக்கே ஆரம்பிச்சிடணும்" என்றீர்கள். கேட்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியைப் புற்றுநோய் பார்க்கும் ஒவ்வொரு டாக்டரும் கேட்டுக்கொண்டால், எத்தனையோ பேர் எங்களைப் போல நான்கு மாதத்தை வலியில் தொலைக்க மாட்டார்கள்.

கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரையோடு, நாங்கள் கேட்காமலே அதனால் வரும் மலச்சிக்கலுக்கும் மருந்து எழுதினீர்கள். இடுப்பு வலிக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சுக்கும் ஏற்பாடு செய்தீர்கள். 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் வலியில் துடித்தவர்களுக்குக்கூட எட்டாமலிருந்த மார்ஃபினுக்காக, 2014-இல் அந்தச் சட்டம் திருத்தப்படும் வரை போராடிய கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்களுக்கும் எங்கள் வீட்டுக் கும்பிடு.

ஒவ்வொரு வேகத்தடையிலும் "அம்மா, பிடிச்சுக்குங்க" என்று சொல்லிச் சொல்லி ஓட்டிய ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி.

மார்ஃபின் ஆரம்பித்த நான்காம் நாள் அம்மா திண்ணையில் உட்கார்ந்து ஒரு முழம் மல்லிகை கட்டினாள். கட்டி முடித்து என் தலையில் வைத்துவிட்டு, "இன்னைக்கு கால் ரூவாதான்" என்றாள்.

சிஸ்டர், மீதியிருந்த பதினெட்டு மாத்திரையையும் எண்ணிப் பிரிவில் ஒப்படைத்துவிட்டேன்.