விறகாகப் போகிறேன் என்றவர்

அன்புள்ள குமார்,

உன் கடிதத்துக்குப் பதில் போட இத்தனை நாள் ஆனதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, வீட்டுக்கு வெள்ளையடித்தோம், அது முடிவதற்குள் மருமகளின் வளைகாப்பு வந்துவிட்டது, அப்புறம் மழை. உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் பாதியில் நிறுத்தாதே, நீ அப்படிச் செய்கிற ஆள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இளவயதில் உயிரையே கொடுக்கத் துணிந்தவர்கள் ஐம்பது வயதில் எப்படி விலை போகிறார்கள் என்று கேட்டிருந்தாய். விலை போனார்கள் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ரிட்டையர் ஆனதிலிருந்து சீன வரலாறாகவே படித்துக்கொண்டிருக்கிறேன், அதில் என்னை விடாமல் தொந்தரவு செய்கிற ஒருவர் வாங் ஜிங்வெய், புரட்சிக்காரராக ஆரம்பித்துக் கடைசியில் எதிரி ஜப்பானோடு போய்ச் சேர்ந்தவர். பணத்துக்காகப் போனவர் இல்லை அவர், தொல்லையே அங்கேதான்.

1910. அவருக்கு 26 வயது. அப்போது சீனாவை ஆண்ட மஞ்சு அரசைக் கவிழ்க்கக் கிளம்பிய சன் யாட்-சென்னின் ஆட்களில் எழுத்திலும் பேச்சிலும் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எழுதியது போதும் என்று, குழந்தைப் பேரரசர் பூயியின் அப்பாவை, அதாவது ஆட்சியை நடத்திவந்த இளவரசரை, கொல்லப் பெய்ஜிங் போனார். மறைப்புக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ திறந்தார்கள், ரசாயன நெடி வந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள் பார். பாலத்தடியில் குண்டைப் புதைத்தார்கள், வெடிப்பதற்கு முன்பே ஆட்கள் பார்த்துவிட்டார்கள், குண்டின் இரும்புக் கூட்டை அதே ஊர்ப் பட்டறையில் செய்யக் கொடுத்திருந்ததால் துப்புக் கிடைத்துப் பிடிபட்டார். கழுத்தில் வாள் விழும் கணத்தை வரவேற்றுச் சிறையில் அவர் எழுதிய நாலு வரிக் கவிதையைப் பல தலைமுறைச் சீனர்கள் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முன் நண்பர் ஹூ ஹான்மின்னுக்கு விரலைக் கீறி ரத்தத்தால் ஒரு செய்தி எழுதினார். புரட்சி என்பது சோறு சமைப்பது மாதிரி என்பது அவர் கருத்து. விறகு சட்டென்று எரிந்து சாம்பலாகிவிடும், பானையோ கடைசிவரை சூட்டைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் விறகாகிறேன், நீ பானையாக இரு என்று ஹூவுக்குச் சொல்லிவிட்டுப் போனார். என்ன ஆயிற்று? தலையை வெட்டாமல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள், அடுத்த வருடமே புரட்சி வெடித்து வெளியே வந்துவிட்டார். எரிந்து முடிய நினைத்தவர் இன்னும் 33 வருடம் பானை வேலை பார்க்க வேண்டி வந்தது, அதற்கான பொறுமை அவரிடம் இல்லை என்பது என் கட்சி. 1925-இல் சன் யாட்-சென்னின் கடைசி உயிலை எழுதிக் கொடுத்ததே இவர்தான், ஆனால் சன்னின் கோமின்டாங் கட்சியும் அதன் படையும் போய்ச் சேர்ந்த இடம் தளபதி சியாங் காய்-ஷேக். 1935-இல் நான்ஜிங்கில் கட்சி மாநாட்டுக் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது நிருபர் வேஷத்தில் வந்தவன் இவரைச் சுட்டான், அன்று படத்துக்கு வராத முக்கியப் புள்ளி சியாங். யாருக்குத்தான் சந்தேகம் வராது? முதுகில் பாய்ந்த ஒரு குண்டு எட்டு வருடம் உள்ளேயே கிடந்தது.

இப்போது 1938-க்கு வா. சீனாவுக்குள் புகுந்துவிட்ட ஜப்பான் படையைத் தடுக்க மஞ்சள் ஆற்றின் கரையைச் சியாங்கின் ஆட்களே உடைத்தார்கள், வெள்ளத்திலும் பின்னால் வந்த பஞ்சத்திலும் செத்தவர்கள் லட்சக்கணக்கில், எல்லாம் சொந்த விவசாயிகள். நவம்பரில் எதிரி வருவதற்கு முன்பே சாங்ஷா நகரத்துக்குச் சொந்த ராணுவமே தீ வைத்தது. ஜெயிக்க முடியாத போருக்காக ஜனங்களை எரிக்கிறோம், பேசி முடிக்கலாம் என்றார் வாங். நேர்மையாகச் சொல், அந்த நவம்பரில் நீ அங்கே இருந்திருந்தால் தலையாட்டியிருக்க மாட்டாயா? நான் ஆட்டியிருப்பேன்.

டிசம்பரில் ஹனோய்க்குப் பறந்தார். இரண்டு வருடத்தில் படையை வாபஸ் வாங்குவோம் என்று ரகசியமாக ஒத்துக்கொண்ட ஜப்பான், பிரதமரின் பகிரங்க அறிக்கையில் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. அங்கேயே திரும்பியிருக்கலாம், இல்லை வாயை மூடிக்கொண்டு ஐரோப்பா போயிருக்கலாம். அவரோ ஜப்பானோடு சமாதானம் பேசுங்கள் என்று பகிரங்கத் தந்தி அடித்தார். ஹனோயில் அவரைக் கொல்ல வந்தவர்கள் ஆள் மாறி அவருடைய செயலாளரைச் சுட்டுக் கொன்றார்கள், அதற்குப் பிறகு அவரைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. கூடவே இருந்த இரண்டு பேர் ஜப்பான் போட்ட ஒப்பந்த வரைவைப் பார்த்து வெலவெலத்துப் போய் ஹாங்காங்குக்கு ஓடி 1940 ஜனவரியில் பத்திரிகையில் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும், மார்ச் 30-இல், ஜப்பான் ராணுவம் பெரும் படுகொலை நடத்திய அதே நான்ஜிங்கில் போய் அரசாங்கம் அமைத்தார். நான் மன்னிக்க முடியாத இடம் இது. பழைய தேசியக் கொடிதான் வேண்டும் என்று அடம் பிடித்தார், ஜப்பான்காரன் சரி என்றான், ஆனால் அதன் மேல் சமாதானம், கம்யூனிச எதிர்ப்பு, தேச நிர்மாணம் என்று எழுதிய ஒரு மஞ்சள் முக்கோணத் துணியைக் கட்டச் சொன்னான். அந்தத் துணியைப் பார்த்த அன்றாவது உறைத்திருக்க வேண்டாமா?

அவருடைய வலது கை சென் குங்போ இன்னும் வேடிக்கை. 1921-இல் ஷாங்காயில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் மாநாட்டில் உட்கார்ந்திருந்தவர், 1946-இல் தேசத்துரோகி என்று சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாநாட்டில் கலந்துகொண்ட ஜோ ஃபோஹாயும் இந்த அரசாங்கத்தில் மந்திரி. வாங் 1944-இல் ஜப்பானில் நகோயா ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார், சன் யாட்-சென் சமாதிக்குப் பக்கத்து மலையில் கட்டிய கல்லறையைச் சியாங்கின் ராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது. அவர் மனைவி சென் பிஜுன் பினாங்கில் பிறந்த பணக்கார வீட்டுப் பெண், 1910 சதியிலேயே கூட இருந்தவர். கோர்ட்டில் கொஞ்சமும் பணியவில்லை, ஆயுள் கைதியாக 1959-இல் ஷாங்காயில் இறந்தார்.

உனக்கு ஒரு கேள்வி. 1943 நவம்பரில் டோக்கியோ மாநாட்டுப் படத்தைத் தேடிப் பார். நடுவில் ஜப்பான் பிரதமர் டோஜோ, அவர் பக்கத்தில் வாங், வரிசையின் ஓரத்தில் நம் நேதாஜி. வாங் கைகுலுக்கியது தன் ஊரைப் பிடித்து வைத்திருந்தவனோடு, நேதாஜி போனது தன் நாட்டை ஆண்ட வெள்ளைக்காரனின் எதிரியோடு, ஆகவே இரண்டும் ஒன்றில்லை என்று நான் வாதாடுவேன். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். எழுது. தை மாதம் குழந்தை பிறந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அப்போது இரண்டு பேருமாக வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போங்கள், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
மணி