பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு முன் மகளுக்கு

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். "சபைக்குப் போகிறேன், பாடுகிறேன், ஆனால் உள்ளே அனல் இல்லை. வீட்டிலிருந்தே போனில் ஆராதனை பார்த்தால் போதும் போலிருக்கிறது" என்று அன்றைக்குச் சொன்னாய். இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. சீஷர்கள்மேல் பரிசுத்த ஆவியானவர் இறங்கியதை நினைவுகூரும் பெந்தெகொஸ்தே நெருங்குகிறது, அதனால் உட்கார்ந்து எழுதலாம் என்று நினைத்தேன்.

அப்போஸ்தலர் நடபடிகளில் முதல் இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசித்துப் பார். காற்றையும் அக்கினியையும் தேடி நாம் நேரே இரண்டாம் அதிகாரத்துக்குப் போய்விடுகிறோம். அதற்கு முந்தின நாட்கள்தான் என்னை எப்போதும் பிடித்து இழுக்கும். உயிர்த்த ஆண்டவர் 40 நாள் சீஷர்களுக்குத் தரிசனமானார், பிறகு பரமேறினார். ஆவியானவர் இறங்கியது ஐம்பதாம் நாளான பெந்தெகொஸ்தே பண்டிகையில். இடையில் ஏறக்குறைய பத்து நாள். "சில நாளுக்குள்ளே" என்று மட்டும்தான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. எந்த நாள், எந்த மணி, எப்படி வரும், ஒன்றும் தெரியாது. உள்ளே அனல் இருந்ததா என்று வேதம் சொல்லவில்லை. எருசலேமில் ஒரு மேல்வீட்டில் ஜெபத்தில் தரித்திருந்தார்கள் என்று மட்டும் சொல்கிறது.

அந்த மேல்வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று யோசித்தாயா? மூன்று தரம் மறுதலித்த பேதுரு. காயத்தில் விரலை இடாமல் நம்பமாட்டேன் என்ற தோமா. ஆயக்காரனாக வரி வசூலித்த மத்தேயுவும், செலோத்தே, அதாவது வைராக்கியமுள்ளவன், என்று பேர்பெற்ற சீமோனும் ஒரே கூரையின் கீழே. ஒரு காலத்தில் ஆண்டவரையே விசுவாசிக்காத அவருடைய சகோதரர்கள். கல்லறையிலிருந்து ஓடிவந்து செய்தி சொன்ன ஸ்திரீகளின் பேச்சை வீண்பேச்சு என்று தள்ளிய ஆண்கள், இப்போது அதே ஸ்திரீகளோடு சேர்ந்து முழங்காலில் நிற்கிறார்கள். ஏறக்குறைய 120 பேர். ஒருவர்மேல் ஒருவருக்கு வருத்தம் வைக்கக் காரணம் இல்லாதவர் அங்கே குறைவு. ஆனாலும் "ஒருமனப்பட்டு ஓரிடத்திலே" இருந்தார்கள். அந்த இடத்தில்தான் அக்கினிமயமான நாவுகள் இறங்கின. ஒவ்வொருவர்மேலும் அமர்ந்தன என்று எழுதியிருக்கிறது, கவனி. உனக்கென்று ஒரு பங்கு உண்டு மகளே. ஆனால் அது மற்றவர்களோடு சேர்ந்து இருக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தது.

மெதடிஸ்து இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதை உனக்குத் தெரியும். அதில் ஒரு சின்ன விவரத்தைத்தான் சொல்ல வருகிறேன். அவர் ஏற்கெனவே குருப்பட்டம் பெற்றவர், கடல் கடந்து ஊழியத்துக்குப் போய் மனம் சோர்ந்து திரும்பியவர். 1738 மே 24, அதாவது பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு மூன்று நாள் கழித்து, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூடுகைக்குப் போனார். போகவே விருப்பம் இல்லாமல் போனதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை அங்கே யாரோ ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவர் இருதயம் அனல் கொண்டது. மனசில்லாமல் போன கால்கள், வேறொருவருடைய வாய், ஒரு சின்ன அறை. அவ்வளவுதான் அன்றைக்கு இருந்தது.

உணர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்ணீரோடு கை உயர்த்தி ஆராதிப்பது எனக்கும் பிரியம். சில சபைகளில் பீடத்துக்குச் சிவப்புத் துணி விரித்து அமைதியாக இந்த நாளை ஆசரிப்பார்கள், சில சபைகளில் ஆரவாரம் அடங்கவே அடங்காது. இரண்டிலும் ஆவியானவர் அசைவாடுகிறார் என்றே நம்புகிறேன். சத்தத்தை வைத்து உன் அனலை நீயே அளந்துகொண்டு சோர்ந்துபோகாதே. அந்த முதல் பெந்தெகொஸ்தே நாளில் ஞானஸ்நானம் பெற்று ஏறக்குறைய 3,000 பேர் சேர்ந்துகொண்ட பிறகு அவர்கள் என்ன செய்தார்கள்? உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம். தேவையுள்ளவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள்.

அப்புறம் ஆறாம் அதிகாரம். கிரேக்க மொழி பேசிய விதவைகள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. ஆம், அந்தச் சபையிலும் மனவருத்தம் இருந்தது. பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். என்ன தகுதி? பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்திருக்க வேண்டும். சாப்பாடு பரிமாறுவதை மேற்பார்க்கிற வேலைக்கு! எனக்கு வேதத்தில் மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. நாற்காலி அடுக்குகிறவருக்கும், ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்காருகிறவருக்கும், வியாதியஸ்தரை விசாரிக்கப் போகிறவருக்கும் அதே ஆவிதான் வேண்டும். பார்வையாளராகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து போகிறவர்களிடம் ஆவியானவர் வரமாட்டார் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் பிறருக்காக உழைக்கிற கையில் அனல் தங்குவதை நான் சபையில் பார்த்திருக்கிறேன்.

அதனால் இதைச் செய். உங்கள் சபையில் பெந்தெகொஸ்தேக்கு முன் காத்திருப்பு ஜெபம் இருந்தால் நேரில் போ. சத்தமாக ஜெபிக்க வராவிட்டால் பரவாயில்லை, மற்றவர்கள் ஜெபத்துக்கு ஆமென் சொல். ஞாயிறு ஆசீர்வாதம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதே. எந்த வேலைக்கு ஆள் குறைகிறது என்று போதகரிடம் கேள். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் ஞாயிறுக்கு முன்பே போய்ப் பேசிவிடு, தள்ளிப்போடாதே.

நானும் அம்மாவும் இந்தப் பத்து நாளும் காலை ஜெபத்தில் உன் பேரைச் சொல்கிறோம். ஞாயிறு சாயங்காலம் கூப்பிடு. உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பேர் என்ன, அவருக்கு என்ன ஜெபக்குறிப்பு என்று கேட்டு வை. நாங்களும் அவருக்காக ஜெபிக்கிறோம்.

அன்புடன்,
அப்பா