குமிழ் இல்லாத கட்டில்

தென்காசி
ஆனி 20

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. ஊன்றுகோல் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மரகதத்தைக் கூப்பிட்டு அந்த வரியை மட்டும் இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். முழங்கால் ஆபரேஷன் என்று நீ எழுதிய நாளிலிருந்து அவளுக்கும் மனசு சரியில்லை. இங்கே சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது. பட்டறை ஓட்டில் ஒழுகிய இடத்தை மாற்றிவிட்டேன். பலகையெல்லாம் ஈரம் குடித்து உப்பியிருப்பதால் வேலை மெதுவாகத்தான் நடக்கிறது.

பேரன் எட்டு மாதத்திலேயே கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கிறான், ராத்திரியெல்லாம் கட்டிலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு உருண்டு போகிறான், தங்கச்சி தூங்காமல் உட்கார்ந்து அவனைத் திருப்பித் திருப்பிப் போடுகிறாள் என்று எழுதியிருந்தாய். என் பேத்திக்குச் செய்ததைப் போலவே ஒரு கட்டில் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறாய். கண்டிப்பாகச் செய்கிறேன். ஆனால் அவளுக்கு நான் முதலில் செய்த கட்டில் வேறு, இப்போது அவள் படுத்திருக்கும் கட்டில் வேறு. இந்த வித்தியாசத்தைத்தான் உனக்கு விரிவாக எழுத வேண்டும்.

செல்வி பிரசவத்துக்கு வந்தபோதே மரம் வாங்கிப் போட்டுவிட்டேன். நல்ல தேக்கு. நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் கதவும் ஜன்னலும் செய்தவன், என் பேத்திக்குச் செய்வது தனியாகத் தெரிய வேண்டும் என்று ஆசை. நான்கு மூலைக் காலையும் மேலே நீட்டிக் கடைந்து, தாமரை மொட்டு மாதிரி குமிழ் வைத்தேன். செல்விக்கு அந்தக் காலத்தில் செய்த கட்டிலின் கணக்கு கையிலேயே இருந்தது. அதே மாதிரி 4 அங்குலத்துக்கு ஒரு கம்பு நிறுத்தினேன். மரகதம் இலவம்பஞ்சு அடைத்து நான்கு பக்கத்துக்கும் நீளத் தலையணை தைத்தாள். குழந்தை தலை மரத்தில் இடிக்கக் கூடாதே என்று.

செல்வி வந்து பார்த்தாள். ஒன்றும் பேசாமல் என் டேப்பை எடுத்துக் கம்புக்கும் கம்புக்கும் நடுவே வைத்து அளந்தாள். "அப்பா, இது 6 சென்டிமீட்டருக்கு மேலே இருக்கக் கூடாது" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. நீயும் இப்படி ஒரு கட்டிலில்தானே வளர்ந்தாய் என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லாமல் ஒரு துணிப் பொம்மையை எடுத்து, காலை முன்னால் விட்டு அந்தச் சந்தில் நுழைத்துக் காட்டினாள். கால் போயிற்று, இடுப்பு போயிற்று, மார்பு வரை வெளியே வந்து தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது. குழந்தைக்கு உடம்பைவிடத் தலை பெரிது, சண்முகம். உடம்பு நழுவிப் போகிற சந்தில் தலை போகாது. பிறகு கழுத்தில்தான் மொத்தப் பாரமும் தொங்கும். நாற்பது வருஷம் அளவு பார்த்த எனக்கு இது தோன்றவே இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கம்புகளை எல்லாம் கழற்றி, சட்டத்தில் புதிதாகத் துளை போட்டு, 5½ சென்டிமீட்டருக்கு ஒன்று என்று நெருக்கி நிறுத்தினேன். கம்பு எல்லாம் நேராக நிற்க வேண்டும். குறுக்கே ஒரு ரீப்பர்கூட உள்பக்கம் இருக்கக் கூடாது. இருந்தால் அதுதான் ஏணிப்படி.

அடுத்தது குமிழ். சட்டையின் கழுத்தோ கயிறோ அதில் மாட்டினால், நிற்கிற பிள்ளை கால் மடங்கி உட்காரும்போது அப்படியே தொங்கிவிடும். மூலைக்கால் மேல் சட்டத்தோடு சமமாக இருக்க வேண்டும், துருத்தக் கூடாது. நான்கு நாள் உட்கார்ந்து கடைந்த மொட்டுகளை ரம்பம் வைத்து அறுத்தேன். மரகதம் அவற்றை எடுத்துச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறாள்.

அவள் தைத்த தலையணைதான் கடைசியாகப் போனது. அதைப் பற்றி வீட்டில் பெரிய பேச்சே நடந்தது. இடிபடாமல் இருக்கத்தானே வைக்கிறோம் என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் மரத்தில் தலை இடித்தால் அழுகையோடு போகும். மெத்தென்ற தலையணையில் முகம் புதைந்தால் சத்தமே வராது. உருளத் தெரிந்த பிள்ளைக்கு முகத்தை விலக்கிக்கொள்ளவும் தெரியும் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் வளர்ந்த பிறகோ அதையே மிதித்து மேலே ஏறும். அமெரிக்காவில் 2022-ல் இந்த ஓரத் தலையணை விற்பதையே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள் என்று செல்வி சொன்னாள். கம்பு நடுவே கால் மாட்டிக்கொள்ளுமே என்று தங்கச்சி கேட்பாள். மாட்டும். எங்கள் வீட்டிலும் இரண்டு தரம் மாட்டியது. மெல்ல முழங்காலை மடக்கி உள்ளே இழுத்தோம், அவ்வளவுதான்.

நான் பாசத்தோடு வைத்த ஒவ்வொன்றையும் இப்படி வெளியே எடுத்தேன். தலையணை, பஞ்சு பொம்மை, போர்வை, பேத்தி பேர் எழுதிய திண்டு எல்லாம் போய்விட்டது. இப்போது உள்ளே இருப்பது மெத்தையும், அதன் மேல் இறுக்கமாக மடித்துச் செருகிய ஒரு விரிப்பும்தான். பார்க்க வெறுமையாக இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

மெத்தை பற்றி ஒரு வார்த்தை. இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம். உடம்பு சூடாகாது என்று நம் பக்கம் விரும்பி வாங்குவார்கள், ஆனால் அது பள்ளம் விழும். கையை அழுத்தி எடுத்தால் கைத்தடம் நிற்காமல் உடனே நிமிர்கிற கெட்டியான நார் மெத்தை வாங்கு. கட்டிலின் உள் அளவை நான் எழுதி அனுப்புகிறேன், அதற்குச் சரியாக வெட்டச் சொல். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற இடம்கூட இருக்கக் கூடாது.

இனி, ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். ஏழாம் மாதக் கடைசி. பேத்தி அதுவரை உட்காருவாள், தவழுவாள், நிற்கவில்லை. கட்டிலில் மெத்தைப் பலகைக்கு மூன்று மட்டம் வைத்திருந்தேன். பெற்றவள் குனிந்து தூக்கச் சிரமப்படக் கூடாது என்று மேல் மட்டத்திலேயே விட்டிருந்தோம். நிற்க ஆரம்பித்ததும் இறக்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஒரு ராத்திரி மூன்று மணி இருக்கும், சட்டம் கிறீச்சிட்ட சத்தம் கேட்டு எழுந்தேன். அவள் எழுந்து நின்றுகொண்டு மேல் சட்டத்தில் வயிற்றை வைத்து வெளியே குனிந்திருக்கிறாள். கால் மெத்தையை விட்டுக் கிளம்பிவிட்டது. செல்வி எனக்கு முன்னால் பாய்ந்து பிடித்தாள். கீழே மொசைக் தரை. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. நிற்பதை அவள் பகலில் நமக்குக் காட்டிவிட்டுத்தான் ராத்திரி செய்வாள் என்று நான் நம்பியது தப்பு. பிள்ளைகள் முதல் முதலாக எழுந்து நிற்பது ராத்திரியாகவும் இருக்கலாம்.

அந்த நேரத்திலேயே ஸ்பேனர் எடுத்துப் பலகையை அடி மட்டத்துக்கு இறக்கினேன். உட்கார ஆரம்பித்ததுமே ஒரு மட்டம் இறக்க வேண்டும், எதையாவது பிடித்து நிமிரப் பார்க்கும்போது அடி மட்டம். மெத்தையின் மேலிருந்து சட்டத்தின் உச்சி வரை 50 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். உன் பேரன் ஏற்கெனவே நிற்கிறான், அதனால் உனக்கு அனுப்பும்போதே அடி மட்டத்தில்தான் பூட்டி அனுப்புவேன். யார் கேட்டாலும் மேலே ஏற்றாதே. நிற்கும்போது சட்டம் அவன் மார்புக்குக் கீழே வந்துவிட்டால் கட்டிலின் காலம் முடிந்தது, தரையில் மெத்தை போட்டுவிடலாம்.

சரி, இப்போது உன் வீட்டில் இருக்கும் கட்டிலுக்கு வருகிறேன். தெரிந்தவர்கள் கொடுத்தது, ஒரு பக்கம் கீழே இறங்கும் என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்த மாதிரிக் கட்டிலில் கொக்கியும் ஸ்பிரிங்கும் நாளாக ஆகத் தளரும். ஒரு முனை கழன்று, மெத்தைக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே ஆங்கில 'வி' மாதிரி சந்து விழும். குழந்தை அதில் உருண்டு மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த பிறகு 2011-ல் அந்த வகையைத் தடை செய்தார்கள். என் கட்டில் வரும்வரை அந்தப் பக்கத்தைத் தூக்கி, இரண்டு முனையிலும் போல்ட்டு போட்டு அசையாமல் முறுக்கிவிடு. கொக்கி எதாவது உடைந்திருந்தால் அந்தக் கட்டிலே வேண்டாம். அவனைத் தரையில், சுவரும் சாமானும் இல்லாத இடத்தில், கெட்டி மெத்தையில் தனியாகப் போடுங்கள்.

பெரிய கட்டிலில் நடுவே போட்டுச் சுற்றிலும் தலையணை அணை கட்டுகிறோம் என்றும் எழுதியிருக்கிறாய். அதை இன்றோடு நிறுத்து. தவழுகிற பிள்ளைக்குத் தலையணை தடையே இல்லை, ஏறி மறுபக்கம் விழுவான். சுவர் ஓரம் தள்ளிப் போட்டால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இறங்குவான். சேலைத் தொட்டிலும் அப்படித்தான். நம் அம்மாக்கள் நம்மை அதில்தான் வளர்த்தார்கள், அந்த ஆட்டத்துக்கு ஈடு இல்லை என்பது எனக்கும் தெரியும். உருளாத பச்சைப் பிள்ளையைப் பகலில் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டலாம். எழுந்து நிற்கிறவனை ராத்திரி முழுக்க அதில் விடக் கூடாது. சேலை சுற்றிக்கொண்டு பிள்ளைகள் போன செய்தியைப் பேப்பரில் நீயும் எத்தனை தரம் படித்திருப்பாய்.

தங்கச்சி ராத்திரி விழித்துத் திருப்பிப் போடுவது பற்றி. இதைத் தங்கச்சியிடம் வாசித்துக் காட்டு. படுக்கப் போடும்போது எப்போதும் மல்லாக்கத்தான் போட வேண்டும். இங்கிலாந்தில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் இதை வீடு வீடாகச் சொல்ல ஆரம்பித்த பிறகு, தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் சாகும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறைந்தது. ஆனால் மல்லாந்தும் குப்புறவும் இரண்டு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த பிள்ளை, தூக்கத்தில் குப்புறப் புரண்டு கொண்டால் அப்படியே விடலாம் என்றுதான் எங்கள் குழந்தை டாக்டர் சொன்னார். மெத்தை கெட்டியாகவும் கட்டில் காலியாகவும் இருந்தால் போதும். தங்கச்சி தூங்கட்டும். விடிய விடிய விழித்த உடம்போடு பகலில் பிள்ளையைத் தூக்கி நடப்பதுதான் ஆபத்து.

நின்றபடி அழுகிறான் என்றாயே, எங்கள் வீட்டிலும் இதே கதைதான். எழுந்து நிற்கத் தெரியும், திரும்ப உட்காரத் தெரியாது. நாம் படுக்க வைத்தால் உடனே எழுவாள், மறுபடி அழுவாள். பகலில் ஒரு பொம்மையைத் தரையில் வைத்து, அவள் முழங்காலை மடக்கி உட்காரப் பழக்கினாள் செல்வி. ஒரு வாரத்தில் ராத்திரி அழுகை பாதியாகிவிட்டது.

இன்னும் சிலதும் பார்த்துக்கொள். கட்டிலை ஜன்னல் பக்கம் போடாதே. கை எட்டுகிற தூரத்தில் திரைக் கயிறு, சார்ஜர் வயர், சுவரில் மாட்டிய படம் எதுவும் இருக்கக் கூடாது. கொசுவலையைக் கட்டிலுக்குள் விழாமல், வெளியே தரை வரை இறுக்கிக் கட்டு. தொய்ந்த வலையைப் பிடித்து இழுத்துச் சுற்றிக்கொள்வான். கழுத்தில் கருப்புக் கயிறோ செயினோ இருந்தால் ராத்திரி கழற்றிவிடுங்கள், வசம்பு வளையலையும்கூட. மணி உதிர்ந்தால் நேராக வாய்க்குத்தான் போகும். திருஷ்டி பற்றித் தங்கச்சி யோசித்தால் கன்னத்தில் மை வைத்துக்கொள்ளட்டும்.

பெயிண்ட் அடித்து அனுப்பட்டுமா என்று கேட்டாய். வேண்டாம். பல் முளைக்கிற பிள்ளை முதலில் கடிப்பது மேல் சட்டத்தைத்தான். பேத்தி எங்கள் கட்டிலில் அணில் கொறித்த மாதிரி வரிசையாகத் தடம் பதித்திருக்கிறாள். பட்டறையில் பழைய பெயிண்ட் டப்பாக்கள் கிடந்தன. பெயிண்டில் ஈயம் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தியதை நம்ப முடியாது என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டேன். மூன்று தரம் உப்புத்தாள் போட்டு, சிலாம்பு துளிகூட இல்லாமல் வழவழப்பாக்கி, வெறும் மரமாகவே அனுப்புகிறேன். நீ மாதம் ஒரு தரம் எல்லா போல்ட்டையும் முறுக்கிப் பார்க்க வேண்டும். நின்று குலுக்குகிற பிள்ளை எந்தப் பூட்டையும் தளர்த்திவிடும்.

பத்து நாளில் வேலை முடியும். பார்சல் லாரியில் பிரித்துத்தான் அனுப்ப முடியும். கூட்டும்போது ஒரு போல்ட்டுகூட மிச்சம் இருக்கக் கூடாது, இருந்தால் உடனே போன் செய். உன் படுக்கையறைக் கதவின் அகலத்தையும், மருமகள் கட்டிலுக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் அளந்து சொல். அவள் கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் போடுவதுதான் நல்லது. ஆடி பிறந்த பிறகு ஒரு நடை இங்கே வா. முழங்கால் சரியாகிவிட்டது அல்லவா, அருவிக்கரை வரை மெல்ல நடக்கலாம்.

அன்புடன்,
வேலாயுதம்