முருகைக்கல் களஞ்சியங்களை இடிக்காமல் வீடாக்க அனுமதி கோரும் மனு

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், நெடுந்தீவு.

அனுப்புநர்:
பழைய கற்கட்டடங்கள் உள்ள வளவுகளின் குடும்பத்தினர், நெடுந்தீவு.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி,

வீட்டுத்திட்டத்துக்குப் பதிந்திருக்கும் எங்களில் சிலருடைய வளவுகளில் பாட்டன் காலத்து முருகைக்கல் (கடலில் எடுத்த பவளப்பாறைக் கல்) களஞ்சியங்கள் நிற்கின்றன. ஒடியலும் (காயவைத்த பனங்கிழங்கு) தானியமும் வைத்த அறைகள். அவற்றை இடித்துவிட்டு சீமெந்துக் கல்லில் புதுவீடு கட்டினால்தான் உதவிப்பணம் கிடைக்கும் என்று அளக்க வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். உறுதியாக உள்ள களஞ்சியத்தையே வீடாகத் திருத்திக்கொள்ளவும் அந்தப் பணத்தைத் தரவேண்டும் என்று கேட்கிறோம்.

இந்தச் சுவர்கள் தடிப்பானவை. கல்லில் நுண்துளைகள் உண்டு, இடையில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து. மாரியில் குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். சித்திரை வெயிலிலும் உள்ளே புழுங்காது. இதன்மேல் சீமெந்து பூசினால் ஈரமும் கடலுப்பும் உள்ளே அடைபட்டு, கல் பொருக்குப் பொருக்காக உதிரும். பழுதுபார்த்த சில சுவர்களில் இதை நாங்களே பார்க்கிறோம். எங்கள் தீவின் பழைய கோட்டைச் சுவரும் குதிரை லாயத்துத் தூண்களும் இத்தனை காலம் உப்புக்காற்றில் நிற்பதற்கு இந்தக் கல்லும் சுண்ணாம்பும்தான் காரணம். (அந்தச் சின்னங்கள் தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பு. நாங்கள் கேட்பது எங்கள் வளவுக் கட்டடங்களைப் பற்றி மட்டுமே.)

இன்னொன்றையும் தயவுசெய்து கவனியுங்கள். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்கிறது. அது நல்ல சட்டம், நாங்களும் அதை மதிக்கிறோம். ஆனால் இன்று இடிக்கும் சுவருக்கு நாளை வேறு கல் கிடைக்காது. புதுவீட்டுக்கான சீமெந்தையோ குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து தீவுக்குப் படகில் ஏற்றவேண்டும். உதவிப்பணத்தில் ஒரு பங்கு ஏற்றுகூலிக்கே போய்விடும்.

வெளிச்சுவர்களை அப்படியே வைத்துக்கொள்வோம். காற்றுத் துளைகள் உள்ள இடத்தில் மட்டும் பனை உத்தரம் வைத்துச் சன்னல் அமைப்போம். சமையலறையும் கழிப்பறையும் தனியாகப் புதிதாக வரட்டும், தண்ணீர் பழைய சுவரில் படக்கூடாது. அப்புறம், கூரையை முன்னால் நீட்டி ஒரு திண்ணை. இவ்வளவும் போதும், ஒரு குடும்பம் நன்றாக இருக்கலாம்.

ஒவ்வொரு கட்டடத்தையும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் நேரில் வந்து பார்க்க ஒழுங்கு செய்யுங்கள். சுவர் தாங்காது என்று அவர் சொன்னால் சரி, ஏற்றுக்கொள்வோம். சுண்ணாம்புச் சாந்து வேலை தெரிந்த மேசன்மார் இப்போது குறைவு. தொல்லியல் திணைக்களத்தின் மூலம் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வேலையைப் பழக்க முடியுமானால் பெரிய உதவியாக இருக்கும்.

அதுவரை எங்கள் பெயர்களைப் பயனாளிகள் பட்டியலிலிருந்து நீக்கவேண்டாம் என்றும், மாரிக்கு முன்பே பதில் தரவேண்டும் என்றும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மேற்படி குடும்பத்தினர்