காவலரின் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காணாமற்போய்த் திரும்பவும் தென்பட்ட உயிரினங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் ஜாக்சன் சாலமாண்டர் என்னும், பல்லி வடிவ நீர்நில வாழ்வியை '42 ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க விஞ்ஞானிகள் மீண்டும் கண்டுபிடித்தனர்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை.

1975இல் கூச்சுமத்தானெஸ் மலைத்தொடரின் மூடுபனி சூழ்ந்த மேகக்காட்டில் அதை முதன்முதலாகக் கண்டவர்கள் ஜெரமி ஜாக்சன், பால் எலியாஸ் என்னும் இரு அமெரிக்கர்கள் என்பது உண்மைதான். ஆனால் 2017 அக்டோபரில் அதை மறுபடியும் கண்டவர் ராமோஸ் லியோன் என்ற வனக்காவலர். வழக்கமான ரோந்தில், அங்குள்ள காப்பகத்தின் எல்லையருகே, அது வாழும் என்று எதிர்பார்க்கப்பட்ட உயரத்துக்கும் மேலே, ஓர் இளம் சாலமாண்டரைப் பார்த்துப் படமெடுத்து அனுப்பினார். அதைப் பெற்ற கார்லோஸ் வாஸ்கெஸ், சான் கார்லோஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குவாத்தமாலா ஆய்வாளர். அவர் எலியாஸுக்குப் படத்தை அனுப்பிய பிறகே அடையாளம் உறுதியானது. காட்டைக் காத்த அந்தக் காவலருக்கும் ஆண்டுக்கணக்கில் தேடிய வாஸ்கெஸுக்கும் தங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இடமில்லை.

இது எனக்குப் புதிதன்று. நீலகிரிச் சோலைகளில் தவளை ஆய்வுக்குழுக்களுடன் களப்பணியாளனாகப் பல மழைக்காலங்கள் நடந்தவன் நான். எங்களுக்கு முன்னால் அட்டைக்கடியைப் பொருட்படுத்தாமல் நடந்து, குரலைக் கேட்டே எந்த இலைக்கடியில் எது இருக்கிறது என்று காட்டியவர் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர். பின்னர் வெளிவந்த அறிக்கையில் அவர் 'உள்ளூர் உதவி' என்ற இரண்டு சொற்களாகிப்போனார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஒன்றும் பேசாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டுரையோடு வெளியிட்ட படமும் தவறானது. அது மெக்சிகோ நகரத்து நீர்நிலைகளுக்குரிய 'அக்சலோட்டில்' என்னும் வேறொரு சாலமாண்டர். தலையின் இருபுறமும் விரிந்திருக்கும் செவுள்களே அதைச் சொல்லிவிடும். ஜாக்சன் சாலமாண்டரோ மஞ்சளும் கறுப்புமான நிலவாழ் உயிரினம். அதற்குச் செவுளும் இல்லை, நுரையீரலும் இல்லை. ஈரமான தோலின் வழியாகவும் வாயின் உட்புறத்தின் வழியாகவுமே மூச்சுவிடுகிறது. ஆகவேதான் மரம் வெட்டப்பட்டு, பாசி காய்ந்து, மூடுபனி குறைந்தால் அது பிழைப்பதில்லை. தாங்கள் அறியாததன்று இது. ஆயினும் அது ஏன் அழிவின் விளிம்புக்கு வந்தது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

அந்தக் காடு தப்பியது தற்செயலாக அன்று. ஃபுண்டாஏகோ என்ற குவாத்தமாலா அமைப்பு, பிற நாட்டு அமைப்புகளின் நிதியுதவியோடு 2015இல் நிலத்தை விலைக்கு வாங்கிக் காப்பகமாக்கியது. அதனால்தான் 2017இல் அங்கே ரோந்து போக ஒரு காவலர் இருந்தார். நமது மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாயகமாகக் கொண்ட ஏலக்காயை இன்று உலகிலேயே மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடு குவாத்தமாலா. அங்குள்ள மேகக்காடுகள் பலவற்றின் அழிவில் ஏலத்தோட்டங்களுக்கும் பங்குண்டு. தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இந்தத் தொடர்பை விட்டுவிட்டு, 'அதிசயப் பிராணி' என்று தலைப்பிடத் தங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நீர்நில வாழ்விகளைத் தாக்கும் பூஞ்சை நோயைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதங்கள் தங்கள் இதழில் வரவில்லை. சாலமாண்டர் இனங்களில் ஐந்தில் மூன்று அழியும் ஆபத்தில் உள்ளன என்று 2023இல் உலகளாவிய மதிப்பீடு வெளிவந்தபோதும் தாங்கள் ஒரு பத்தி கூட ஒதுக்கவில்லை. பல்லாண்டு வாசகன் என்ற உரிமையில் மட்டுமே இதைச் சொல்கிறேன்.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில், எத்தனை சிறிய எழுத்திலாயினும், படம் தவறு என்றும், 2017இல் அந்தச் சாலமாண்டரைக் கண்டவர் காவலர் ராமோஸ் லியோன் என்றும் ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கோத்தகிரி