எக்செல் அறிக்கைகளை நேரடிக் கணக்குத் தரவோடு இணைப்பது குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

குன்னூர்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கணக்கு மென்பொருளிலிருந்து நாள்தோறும் எண்களை நகலெடுத்து எக்செல் தாளில் ஒட்டுவதற்குப் பதிலாக, அந்தத் தாளையே மென்பொருளின் தரவோடு நேரடியாக இணைத்துத் தர இயலுமா என்று தேயிலைத் தொழிற்சாலைகளையும் விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தரும் இலை முகவாண்மைகளையும் நடத்தும் உங்களில் பலர் கேட்டு வருகிறீர்கள். இயலும். ஆனால் அந்த இணைப்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை நீங்கள் அறிந்த பிறகே அதை அமைத்துத் தர வேண்டும் என்று கருதுவதால் இம்மடலை எழுதுகிறோம்.

நகலெடுத்து ஒட்டிய எண், ஒட்டிய நொடியிலேயே பழையதாகிவிடுகிறது. பத்தாயிரம் கிலோ பச்சை இலையிலிருந்து 2,300 கிலோ தூள் கிடைத்தால் விளைவு, அதாவது இலை எடையில் தூளாகக் கிடைக்கும் பங்கு, 23 விழுக்காடு. கடைசி லாரியின் எடைச் சீட்டுகள் பதிவாகும் முன்பே ஒருவர் இலை எடையை நகலெடுத்து, தாளில் 9,200 கிலோ என்று நின்றுவிட்டால், அதே தூளுக்கு விளைவு 25 விழுக்காடாகத் தெரியும். அந்த இரண்டு விழுக்காட்டை நம்பி இலையின் தரத்தையோ இலையை வாட வைக்கும் வாடற்கூடத்தின் வேலையையோ மதிப்பிடுவது எவ்வளவு தவறான முடிவுகளுக்கு இட்டுச் செல்லும் என்பதைத் தொழிற்சாலை நடத்துபவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

எக்செல் 2016 முதல் பவர் குவெரி என்னும் வசதி உள்ளேயே அமைந்துள்ளது; 2010, 2013 பதிப்புகளில் அதைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். எந்தத் தரவுத்தளத்திலிருந்து, எந்த அட்டவணையை, எந்த நிபந்தனையோடு எடுக்க வேண்டும் என்பதை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், பிறகு 'ரெஃப்ரெஷ் ஆல்' பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அது புதிதாகத் தரவை எடுத்து வரும். கோப்பைத் திறக்கும்போது தானாகவும், இத்தனை நிமிடங்களுக்கு ஒருமுறை என்றும் புதுப்பிக்கச் செய்யலாம். டேலி என்னும் கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு, ஒரு மென்பொருளின் தரவை இன்னொன்று படிக்க உதவும் ஓடிபிசி என்னும் பொது இணைப்பு முறை வழியே இணைப்புத் தருகிறோம். அவ்வேளையில் டேலி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், உரிய நிறுவனக் கணக்கும் திறந்திருக்க வேண்டும். மாலையில் எடைச் சீட்டுகள் குவியும் நேரத்தில் நிமிடத்திற்கு ஒருமுறை புதுப்பிப்பது பதிவு செய்யும் கணினியையே மந்தமாக்கிவிடும் என்பதால், அரை மணிக்கு ஒருமுறை போதும் என்பது எங்கள் கருத்து.

இணைப்பு அறுந்தாலும் தாள் வெறுமையாகிவிடாது. கடைசியாக எடுத்த எண்களையே காட்டிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் போய்விடும் நம் மலையில் இதை நாங்கள் பெரிதாகவே எண்ணுகிறோம். எனவே நாங்கள் அமைக்கும் ஒவ்வொரு தாளின் உச்சியிலும் தரவு கடைசியாக எடுக்கப்பட்ட நாளும் நேரமும் இருக்கும். அதைப் பார்க்காமல் கீழேயுள்ள எந்த எண்ணையும் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். எடைச் சீட்டு பதிவாகாதவரை எந்த இணைப்பாலும் அதைக் கொண்டுவர முடியாது என்பதையும் மறந்துவிடலாகாது.

எல்லாத் தாள்களையும் இணைக்க வேண்டியதும் இல்லை. தேயிலை வாரியம் அறிவிக்கும் மாத விலையைக் கொண்டு விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து முடித்த பிறகு, அம்மாதச் சீட்டு ஒன்றை யாரேனும் திருத்தினால், இணைந்திருக்கும் தாள் அடுத்த புதுப்பிப்பில் சொல்லாமலேயே மாறிவிடும். கொடுத்த தொகையும் தாளிலுள்ள தொகையும் பொருந்தாமற் போகும். ஆகவே முடிந்த மாதத்தின் அறிக்கையை இணைப்பு நீக்கி, வெறும் மதிப்புகளாகத் தனிக் கோப்பில் சேமித்து வைப்பதை நாங்கள் ஒரு நிபந்தனையாகவே வைத்திருக்கிறோம்.

பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பில் ஒரு தாளுக்கு 65,536 வரிகளே கொள்ளும். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் இந்த வரம்பினால் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் அன்றாட அறிக்கைகளில் விடுபட்டது. பல நூறு விவசாயிகளின் அன்றாடச் சீட்டுகளைச் சேர்த்தால் அந்த எல்லையை எளிதில் தொட்டுவிடலாம் என்பதால், 10,48,576 வரிகள் கொள்ளும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் மட்டுமே அமைத்துத் தருகிறோம்.

இணைப்புக்கென நாங்கள் உருவாக்கும் பயனர் கணக்கிற்குப் படிக்கும் உரிமை மட்டுமே இருக்கும். எக்செலிலிருந்து யாரும் உங்கள் கணக்கை மாற்ற இயலாது. ஆயினும் எடுத்துவந்த தரவு கோப்புக்குள்ளேயே தங்குகிறது. ஒரு பக்கச் சுருக்கத்தைத் தரகருக்கு அனுப்புவதாக எண்ணி முழுக் கோப்பையும் அனுப்பினால், அத்தனை விவசாயிகளின் கணக்கும் கூடவே போய்விடும். வெளியாருக்கு பிடிஎஃப் வடிவில் மட்டும் அனுப்புங்கள்.

இணைப்பு வேண்டுவோர், நீங்கள் நாள்தோறும் உண்மையாகவே பார்க்கும் அறிக்கை எது, அதைப் பார்க்க உரிமை உள்ளவர்கள் யார், உங்கள் எக்செலின் பதிப்பு என்ன என்பவற்றை எழுதித் தாருங்கள். முதலில் ஒரே ஓர் அறிக்கையை இணைத்து, ஒரு முழு மாதம் பழைய முறையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே மற்றவற்றை எடுத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
கணக்கு மென்பொருள் சேவைப் பிரிவினர்