கடைசிப் பக்கத்தில் நீங்கள் கேட்கும் கேள்விகள்: அரசுப் பணித் தேர்வு அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் ஆணையங்களுக்கும், விண்ணப்பப் படிவத்தை வடிவமைக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் படிவங்களின் கடைசியில் பெரும்பாலும் ஒரு தனிப் பகுதி இருக்கும். பாலினம், இனம் அல்லது சமூகம், உடற்குறைபாடு உண்டா, பெற்றோர் என்ன வேலை பார்த்தார்கள் என்று வரிசையாகக் கேள்விகள். அவற்றுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: இந்த விவரங்கள் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே, உங்கள் தேர்வை எந்த வகையிலும் பாதிக்காது. நான் எழுத வந்தது அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

எனக்கு இடது காது சரியாகக் கேட்காது. சில வருடங்களுக்கு முன் ஒரு அரசு வேலைக்கு விண்ணப்பித்தபோது அதை மறைக்காமல் குறித்தேன். நேர்காணல் அறைக்குள் போய் உட்கார்ந்தால், மேசைமேல் என் கோப்பு விரிந்து கிடக்கிறது. விரிந்திருந்தது அந்தக் கடைசிப் பக்கம். குழுவில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, முடியும்வரை என்னிடம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உரக்கப் பேசினார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் வேலையைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் பாதி, தொலைபேசியை எப்படிச் சமாளிப்பீர்கள், கூட்டங்களில் என்ன செய்வீர்கள் என்பதிலேயே போய்விட்டது. வேலை கிடைக்கவில்லை. காரணம் அதுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. அதன்பிறகு வந்த இரண்டு படிவங்களிலும் ‘சொல்ல விருப்பமில்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

சரி, அப்படியானால் இந்தக் கேள்விகளையே எடுத்துவிடலாமே என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஆனால் கேட்ட பதில் யார் கைக்குப் போகிறது, அதை வைத்து என்ன செய்தீர்கள் என்ற இரண்டுக்கும் பொறுப்பேற்றுக்கொண்டு கேளுங்கள்.

பல அரசுகள் தம்மிடம் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களின் கணக்கை வருடாவருடம் வெளியிடுகின்றன. அது உள்ளே வந்துவிட்டவர்களின் கணக்கு. வாசல்வரை வந்து திரும்பிப் போனவர்கள் அதில் இல்லை. ஒரு துறையில் மாற்றுத்திறனாளிகள் குறைவாக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் விண்ணப்பிக்கவே இல்லையா, விண்ணப்பங்களை வடிகட்டும்போதே விழுந்தார்களா, எழுத்துத் தேர்விலா, நேர்காணலிலா, அல்லது வேலையில் சேர்ந்து ஒரே வருடத்தில் விட்டுப் போனார்களா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அறிவிப்பே போய்ச் சேரவில்லை என்றால் அதை வேறு இடங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். நேர்காணலில் விழுகிறார்கள் என்றால், விளம்பரத்துக்கு எத்தனை கோடி செலவழித்தாலும் பயனில்லை. விண்ணப்பதாரர்களின் விவரம் கையில் இல்லாமல் எல்லாப் பிரிவினரையும் வேலைக்குக் கொண்டுவரத் தீட்டப்படும் பன்முகத்தன்மைத் திட்டம், எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் ஊசி போடுவது போலத்தான்.

இப்படிக் கணக்குப் பார்த்ததால் மாறியவை உண்டு. அமெரிக்க மத்திய அரசில் நூற்றுக்கும் மேற்பட்ட பதவிகளுக்கு ‘பேஸ்’ என்ற ஒரே எழுத்துத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. எழுதிய வெள்ளையர்களில் தேறியவர்களின் விகிதத்தையும், கறுப்பின, ஹிஸ்பானிய மக்களில் தேறியவர்களின் விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இடைவெளி மிகப் பெரிதாக இருந்தது. 1979-ல் வழக்கு. 1981-ல் அரசு உடன்பாட்டுக்கு வந்தது, அப்புறம் அந்தத் தேர்வையே கைவிட்டது. எழுதியவர்கள் யார், தேறியவர்கள் யார் என்ற விவரம் இல்லாமல் இருந்திருந்தால், தேர்வு எல்லாருக்கும் பொதுவானது, வினாத்தாளும் ஒன்றுதான் என்ற பதிலோடு பேச்சு முடிந்திருக்கும்.

அதே நாட்டில் 1978-ல் வந்த தேர்வுமுறை வழிகாட்டு நெறிகளில் எளிமையான ஓர் அளவுகோல் இருக்கிறது. அதிகம் தேறும் பிரிவின் விகிதத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே இன்னொரு பிரிவு போனால், அங்கே நின்று பார்க்க வேண்டும். 100 ஆண்கள் எழுதி 50 பேர் தேறுகிறார்கள், 100 பெண்கள் எழுதி 30 பேர் தேறுகிறார்கள் என்றால், 30 என்பது 50-ல் 60 சதவீதம்தான். 80-க்குக் கீழே. இது குற்றத்தை நிரூபிப்பதில்லை. இந்தக் கேள்வித்தாள் உண்மையில் அந்த வேலைக்குத் தேவையானதைத்தான் சோதிக்கிறதா என்று அமைப்பைக் கேட்க வைக்கிறது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. ஆனால் வகுக்க ஓர் எண் வேண்டும், அந்த எண் விண்ணப்பப் படிவத்திலிருந்துதான் வர வேண்டும்.

பிரிட்டனில் எடுத்த ஒரு கணக்கு என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. அங்கே பட்டதாரிகளை எதிர்கால உயர் அதிகாரிகளாக வளர்க்கும் ‘ஃபாஸ்ட் ஸ்ட்ரீம்’ என்ற திட்டம் உண்டு. பெற்றோரின் தொழிலைக் கேட்டுத் தொகுத்துப் பார்த்தபோது, தேர்வானவர்களில் உழைக்கும் வர்க்கக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் 4.4 சதவீதம் மட்டுமே என்று 2016-ல் வெளியான அறிக்கை சொன்னது. ஆக்ஸ்ஃபர்ட் மாணவர்களைவிடவும் குறுகலான பின்னணி. பாலினத்தையும் இனத்தையும் மட்டும் கேட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. அங்கே அரசுப் பணி விண்ணப்பங்களில் இப்போது, உங்களுக்கு ஏறத்தாழ 14 வயதாக இருந்தபோது வீட்டில் அதிகம் சம்பாதித்தவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. வருமானம் எவ்வளவு என்று கேட்டால் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. அப்பாவோ அம்மாவோ என்ன வேலை பார்த்தார் என்பது யாருக்கு மறக்கும்?

விவரமே கேட்க வேண்டாம், பெயரையும் பாலினத்தையும் மறைத்துவிட்டுத் தகுதியை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வழியில் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் 2017-ல் ஆஸ்திரேலிய அரசு தன் 14 துறைகளைச் சேர்ந்த 2,100-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்து இதைச் சோதித்தபோது, எதிர்பார்த்ததற்கு மாறாக ஒன்று நடந்தது. பெயர் தெரிந்த விண்ணப்பங்களில் பெண்கள் நேர்காணல் பட்டியலில் சற்றுக் கூடுதலாகவே இடம்பெற்றார்கள். பெயரை மறைத்தபோது அது இல்லாமல் போனது. பெயரை மறைப்பது தவறு என்று இதிலிருந்து நான் சொல்ல வரவில்லை. வேறொரு நாட்டில், வேறொரு துறையில் அது தலைகீழாகவும் இருக்கலாம். எண்ணிப் பார்க்காமல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி அச்சத்தைப் பற்றி. உங்கள் கூட்டங்களில் இதை ‘குறைந்த பதிலளிப்பு விகிதம்’ என்று ஒரே வார்த்தையில் கடந்துவிடுகிறீர்கள். அதற்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. நெதர்லாந்தில் மக்கள் பதிவேட்டில் ஒவ்வொருவரின் மதமும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. நாஜிகள் நாட்டைப் பிடித்தபோது, யூதர்களைத் தேடிப் பிடிக்க அந்த ஒழுங்கே அவர்களுக்கு உதவியது. அதனால்தான் 1943 மார்ச்சில் எதிர்ப்பியக்கத்தினர் ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்கே குண்டு வைத்தார்கள். பிரான்சில் தனிமனிதரின் இனத்தைப் பதிவு செய்ய 1978-ன் தரவுச் சட்டம் கடும் கட்டுப்பாடு வைத்தது. 2007-ல், சட்டங்கள் அரசியலமைப்புக்கு ஏற்றவையா என்று பார்க்கும் அந்த நாட்டு அரசியலமைப்புப் பேரவையும் இன அடிப்படையிலான புள்ளிவிவரத்துக்கு வழிவிடும் சட்டப் பிரிவை ரத்து செய்தது. அந்தத் தயக்கத்தை நான் அலட்சியமாகப் பார்க்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. வேலை தேடும் இடத்தில் பாகுபாடு இருக்கிறதா என்று பார்க்க, அங்கே ஆய்வாளர்கள் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வேறு வேறு பெயர்களில் அனுப்பிச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

பதிவேடே ஆபத்தாக மாறுவதற்கும், எண்ணாமலே இருந்துவிடுவதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்பதற்கு வடக்கு அயர்லாந்தை நினைவுபடுத்துகிறேன். ஒருவர் கத்தோலிக்கரா புராட்டஸ்டண்டா என்பதற்காக ஆட்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, 1989-ல், பணியாளர்களின் சமூகப் பின்னணியைக் கணக்கெடுப்பதை அங்கே சட்டம் கட்டாயமாக்கியது. 1998-ல் வந்த ஆணைப்படி, 10-க்கு மேல் முழுநேரப் பணியாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் அனைவரும் இந்த விதிக்குள் வருகிறார்கள். நேரடிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால், படித்த தொடக்கப்பள்ளி போன்ற, மதத்தைக் காட்டிக்கொடுக்கும் குறிப்புகளை வைத்துப் பின்னணியைக் கணிக்கவும் வழி செய்தார்கள். எடுத்த கணக்கை வைத்து, மூன்று வருடங்களுக்கு ஒருமுறை தம் ஆள்சேர்ப்பு முறையை முதலாளிகளே பரிசீலிக்க வேண்டும். இப்படித் திரட்டிய தனிநபர் விவரத்தை அனுமதியின்றி வெளியே சொன்னால் அது குற்றம். அவ்வளவு பகைமைக்கு நடுவிலும் மக்கள் பதில் சொன்னார்கள். பதிலைக் காப்பாற்றச் சட்டம் இருந்ததும், பதிலுக்கு ஒரு பயன் இருந்ததும்தான் காரணம் என்பது என் எண்ணம்.

இடஒதுக்கீட்டுக்காகக் கேட்கப்படும் சாதிச் சான்றிதழோடு இதை யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஒருவர் தன் உரிமையைக் கோருவது. அதைச் சரிபார்க்க வேண்டும், பதவியை நிரப்புபவர்களுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். நான் பேசுவது யாருடைய மதிப்பெண்ணையும் மாற்றாத, யாரிடமும் சான்று கேட்காத, அமைப்பு தன்னைத்தானே அளந்துகொள்ளும் கேள்விகளைப் பற்றி. ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதுதான் இதில் கணக்கு. கனடாவின் பணிச் சமத்துவச் சட்டத்தில் அப்படித்தான்: பெண்களைத் தவிர மற்ற பிரிவுகளில், தாமே அடையாளப்படுத்திக்கொண்டவர்களையோ அதற்குச் சம்மதித்தவர்களையோ மட்டுமே எண்ண முடியும்.

இன்னொரு குழப்பம் என் சொந்த அனுபவத்தில் பட்டது. நேர்காணலில் என் வலது காது குழுவின் பக்கம் இருக்கும்படி நாற்காலியைப் போட்டிருந்தால் எனக்கு ஒரு பிரச்சினையும் இருந்திருக்காது. அது ஏற்பாடு. அதைச் செய்ய வேண்டியவருக்கு, தேர்வை நடத்துபவருக்கு, அது தெரிய வேண்டும். இந்த வருடம் செவித்திறன் குறைந்தவர்கள் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்பது புள்ளிவிவரம். அது தெரிய வேண்டியவர் வேறு ஆள். என் படிவத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. விளைவு, தெரிய வேண்டியவர் நாற்காலியைத் திருப்பவில்லை, தெரியக் கூடாதவர் பக்கத்தைப் படித்துவிட்டார். இரண்டு கேள்வி, இரண்டு வழி. இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம்.

அமெரிக்க மத்திய அரசின் விண்ணப்பதாரர் விவரப் படிவம் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தது: விருப்பம் இருந்தால் நிரப்பலாம், தேர்வு செய்யும் அதிகாரிகளுக்குத் தனிநபர் விவரம் போகாது. இணையவழி விண்ணப்பங்கள் வந்துவிட்ட பிறகு இதைச் செய்வது இன்னும் சுலபம். பதில்கள் வேறு தரவுத்தளத்துக்குப் போகட்டும், நேர்காணல் குழுவின் திரையில் அந்தப் பக்கத்தைத் திறக்கும் வசதியே இல்லாமல் இருக்கட்டும். யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்ற பதிவும் இருக்கட்டும்.

கட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘மற்றவை’ என்ற கட்டத்தில் டிக் அடிப்பவருக்கு, இந்தக் கணக்கில் தான் இல்லை என்று அந்த இடத்திலேயே புரிந்துவிடும். மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வழிவந்த அமெரிக்கர்கள் அரசுக் கணக்கில் நெடுங்காலம் வெள்ளையர்களாகவே எண்ணப்பட்டார்கள். 2024-ல்தான் அவர்களுக்கென்று தனிப் பிரிவு அறிவிக்கப்பட்டது. பிரிவுகளை முடிவு செய்யும் கூட்டத்தில், அந்தப் பிரிவைச் சேர்ந்தவர்களையும் உட்கார வையுங்கள்.

அப்புறம், வெளியிடுங்கள். பலர் வழுக்கிவிடுவது இந்த இடத்தில்தான். விண்ணப்பித்தவர்கள், எழுத்துத் தேர்வில் தேறியவர்கள், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்கள், வேலை பெற்றவர்கள் என்று நிலைவாரியாகக் கணக்கு வேண்டும். சின்ன எண்களில் கவனமாக இருங்கள். ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தவர்களில் பார்வையற்றவர் ஒரே ஒருவர் என்றால், அந்த வரியை அப்படியே அச்சிடுவது அவரைக் கைகாட்டுவதற்குச் சமம். மூன்று வருடக் கணக்கைச் சேர்த்துப் போடலாம், பல அலுவலகங்களைச் சேர்த்துப் போடலாம். ‘சொல்ல விருப்பமில்லை’ என்றவர்களின் எண்ணிக்கையையும் விட்டுவிடாதீர்கள். உங்களை எத்தனை பேர் நம்பவில்லை என்று அது சொல்லும். அந்த எண்ணில் இரண்டு முறை நானும் இருக்கிறேன்.

நான் இன்னும் முயற்சியை விடவில்லை. அடுத்த அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிப்பேன். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது, பதிலை யார் பார்ப்பார்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா, போன வருடத்துக் கணக்கு எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுவேன். இரண்டும் இருந்தால், என் இடது காதைப் பற்றி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விண்ணப்பதாரர்